வெள்ளெலி அம்மா

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கொட்டாவி விடுகிற ஒரே ஜீவன் நான்தான். கேன்டீனில் இருந்த நாற்காலிகளையெல்லாம் போன வருஷமே எடுத்துவிட்டார்கள். யாரும் உட்காராத நாற்காலி எதற்கு என்று நிர்வாகம் கேட்டதாம். நியாயமான கேள்விதான். எல்லாரும் நின்றுகொண்டே இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, நின்றுகொண்டே சிரித்து, கை கழுவும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். நான் மட்டும் என் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், எனக்கென்ன வந்தது.

என் பெயர் சுகந்தி. மாட்டு டாக்டர். காங்கேயம் அரசு மருந்தகத்தில் பாதி ஆயுசு மாடுகளோடு மாரடித்துவிட்டு, முழங்கால் தேய்ந்து, இனிமேல் தோட்டம் தோட்டமாக அலைய முடியாது என்று இந்த வேலைக்கு வந்தவள். பல்லடம் சாலையில் இருக்கும் இந்த நிலையத்தின் எலி வீட்டுக்கு இப்போது நான் பொறுப்பு. நான் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அசதியே வராமல் செய்கிற 'அயரா' மாத்திரை கடைக்கு வந்து ஊரையே நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டது. அது பிறந்த இடம் இந்த எலி வீடுதான்.

முதல் நாள் தேவசகாயம் சார் என்னைச் சுற்றிக் காட்டினார். அவர்தான் அந்த ஆராய்ச்சிக்குத் தலைவர். நல்ல மனுஷன், ஆனால் அவரோடு பேசுவதற்கு நடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"நம்ம உடம்புல ஒரு ஜீன் இருக்கும்மா. அது ஒரு என்சைமை உண்டாக்குது. வேலை செய்யச் செய்ய அந்த என்சைம் ஒரு சரக்கைத் தயார் பண்ணி ரத்தத்துல விடும். அது மூளைக்குப் போய் உட்காரு, படுன்னு சொல்லும். அசதின்னு நாம சொல்றது அதைத்தான்" என்றார்.

"அந்த ஜீனை எலியில எடுத்துட்டீங்களாக்கும்."

"கருவுலேயே எடுத்துட்டோம். நாக்-அவுட் எலின்னு சொல்லுவோம். இதோ பாருங்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் கறுப்பு எலிகள் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறியது. இறங்கியதும் சும்மா இல்லை, பஞ்சைக் கிழித்துக் கூடு கட்டியது, கட்டிய கூட்டைப் பிரித்து மறுபடி கட்டியது.

"செத்துப் போயிடாதுங்களா?"

"அங்கதாம்மா அதிசயமே. ஆயுசு குறையலை. இதயம் ஒழுங்கா இருக்கு. கொஞ்ச நேரம் தூங்குது, அது போதுது. குட்டி போடுது, குட்டிகள் கொழுகொழுன்னு வளருது. தலைமுறை தலைமுறையாப் பார்த்தாச்சு. மனுஷனுக்கு ஜீனை எடுக்க முடியாது இல்லையா, அதனால அந்த என்சைமை மட்டும் அடைக்கற மாத்திரை செஞ்சோம்."

"படுக்காத மாடுன்னா எங்க பக்கத்துல சீக்கு மாடுங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். இதற்குள் என்னை நாலு சுற்று சுற்றி வந்திருந்தார், எனக்குத்தான் தலை கிறுகிறுத்தது. நீங்களும் ஒரு மாத்திரை அட்டை எடுத்துப் போங்க என்றார். வேண்டாம் சார், எனக்குப் படுக்கப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டேன். இதில் கொள்கையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒருக்களித்துப் படுக்கிற சுகத்தை ஒரு மாத்திரைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஊர் விட்டுக்கொடுத்தது. திருப்பூரில் இரண்டு ஷிப்டை ஒன்றாக்கினார்கள். மாத்திரை போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 'நீங்க அயரா எடுக்கறீங்களா?' என்று நேர்காணலில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் இருக்கைகளைப் பாதியாகக் குறைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஜனம் நின்றுகொண்டே தாலி கட்டுவதைப் பார்த்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அத்தனை கூட்டத்தில் ஒரு ஆள்கூடச் சுவரிலோ தூணிலோ சாய்ந்திருக்கவில்லை. எல்லாரும் நட்டு வைத்த மாதிரி நின்றார்கள். நான் மட்டும் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை தாரணியும் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் வயசில் பெரிய இடைவெளி. அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் நான்தான். இப்போது அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவள் புருஷன் கோகுல் சாயப்பட்டறையில் இருக்கிறான், அவனும் மாத்திரைக்காரன்தான். கல்யாணமாகி வெகு நாள் கழித்து ஒரு பெண் குழந்தை, மகிழினி. கர்ப்பத்தின்போது நிறுத்தியிருந்த மாத்திரையை, பிரசவமானதும் டாக்டரைக் கேட்டு மறுபடி தொடங்கிவிட்டாள். அட்டையிலேயே அச்சடித்திருக்கிறதே, பாலூட்டும் தாய்மார்களுக்குப் பாதுகாப்பானது என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வீடு கண்ணாடி மாதிரி பளபளத்தது. குழந்தைத் துணிகள் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தன. குழந்தைதான் ஓயாமல் அழுதுகொண்டிருந்தது. குரலில் தெம்பில்லை.

"எடையே ஏற மாட்டேங்குதுக்கா. ரத்தம் பாத்தாச்சு, பால் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்ங்கறாங்க. அடுத்த தடவையும் ஏறலைன்னா ஆஸ்பத்திரில சேத்து மூக்குல குழாய் போடணுமாம்" என்றாள் தாரணி. சொல்லும்போதே ஒரு கையால் துணி மடித்தாள்.

"பால் குடு, பாக்கறேன்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குழந்தையை மார்பில் போட்டாள். அது வாயை வைத்துச் சப்பத் தொடங்கியது. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அவள் எழுந்து நின்றிருந்தாள். ஆடிக்கொண்டே, தட்டிக்கொண்டே, ஜன்னல் திரையைச் சரி செய்துகொண்டே பால் கொடுத்தாள். குழந்தையின் வாய் நழுவியது. மறுபடி வைத்தாள். அது மறுபடி நழுவியது.

"குடிச்சுட்டயா கண்ணு? சரி சரி, போலாம்" என்று தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை வீரிட்டது.

"உக்காந்து குடுடி."

"உக்காந்துதானேக்கா குடுத்தேன்?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உட்கார்ந்தது மாதிரிதான் இருந்திருக்கிறது.

அவள் பீய்ச்சி வைத்திருந்த பாலைப் புட்டியில் வாங்கிக்கொண்டு, நாற்காலி இல்லாத வீட்டில் தரையில் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்தேன். குழந்தையை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டேன். கொஞ்சம் குடித்தது, கொஞ்சம் விக்கியது, பிறகு மடக் மடக்கென்று மொத்தத்தையும் குடித்துவிட்டு என் மார்பில் கன்னத்தை வைத்துத் தூங்கியது. அந்தச் சூட்டில் நானும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது தாரணி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"நீ என்னக்கா மாயம் பண்றே?"

"ஒண்ணும் பண்ணலடி. சும்மா கெடந்தேன்."

"எங்கிட்ட ஒரு நாளும் இப்பிடித் தூங்கினதில்ல. நான் கெட்ட அம்மாவாக்கா?"

"போடி, உளறாதே" என்று அதட்டினேன். பாப்பாவை நான் கொண்டுபோய்க் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். என்ர புள்ளயை உனக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டுவிட்டு அழுதாள். அழும்போதும் நடந்துகொண்டுதான் இருந்தாள்.

அந்த வாரம்தான் எலி வீட்டில் வெள்ளெலி அறையில் குடல்புழு கிளம்பியது. சாதாரண வெள்ளெலிகள் இருக்கிற அறை அது. புழு பரவாமல் இருக்க நானே அறையைப் பூட்டி, அங்கிருந்து ஒரு எலியும் வெளியே போகக்கூடாது, உள்ளே வரவும் கூடாது என்று எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் மிதுலா பதறிக்கொண்டு வந்தாள். பிஎச்.டி. செய்கிற பெண், கெட்டிக்காரி.

"மேடம், நாக்-அவுட் அம்மா ஒண்ணு குட்டி போட்டிருக்கு. எனக்கு ஒரே ஒரு வெள்ளெலி அம்மா வேணும். ப்ளீஸ் மேடம்."

"எதுக்கு?"

"குட்டிகளை மாத்தறதுக்குத்தான்."

"ஏன் மாத்தணும்? பெத்தவதான் இருக்கறாளே."

"நாங்க எப்பவும் மாத்திருவோமே மேடம். இந்தக் குட்டிங்க ரொம்ப அருமை, ஒண்ணு போனாலும் மாசக்கணக்கா வேலை போச்சு. அதனால பொறந்த அன்னிக்கே எடுத்து வெள்ளெலி அம்மாகிட்ட விட்டுருவோம். அது தன் குட்டின்னு நெனைச்சு வளத்துரும். எல்லா லேப்லயும் செய்யறதுதான்."

"அந்த வெள்ளெலி அம்மாவோட சொந்தக் குட்டிங்க?"

"இடம் வேணுமில்ல மேடம், அதுகளை எடுத்துருவோம்."

"எடுத்து?"

அவள் கையை விரித்தாள். "அதுங்க சாதாரண எலி தானே மேடம்."

பூட்டிய அறையை நான் திறக்கவில்லை. இந்தத் தடவை பெத்தவளே வளர்க்கட்டும் என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். அதை மாதிரி ஒரு தாயை நான் மாட்டிலும் பார்த்ததில்லை, மனுஷியிலும் பார்த்ததில்லை. குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்தாள். பஞ்சை எடுத்து எடுத்து வந்து சுற்றிலும் வைத்தாள். இந்த மூலை சரியில்லை என்று வாயில் கவ்விக்கொண்டு அந்த மூலைக்குக் கொண்டுபோனாள், திரும்ப இங்கே கொண்டுவந்தாள். மடி நிறையப் பால் இருந்தது. குட்டிகளின்மேல் குனிந்து நிற்பாள். அவை முட்டி மோதிக் காம்பைப் பிடிக்கும்போது அவளுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். எழுந்து போய்விடுவாள். காம்பைப் பிடித்த குட்டி கொஞ்ச தூரம் இழுபட்டுப்போய்த் தரையில் விழும்.

பால் குடித்த எலிக்குட்டியின் வயிற்றில், தோலுக்கு உள்ளே வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். சாயங்காலம்வரை ஒரு குட்டிக்கும் அந்தப் பொட்டு தெரியவில்லை. அடுத்த நாள் பாதிக் குட்டிகள் சில்லிட்டுக் கிடந்தன. தாய் செத்த குட்டியையும் விடவில்லை, அதையும் நக்கிக்கொண்டு, அதற்கும் கூடு கட்டிக்கொண்டிருந்தாள். மிதுலா பக்கத்தில் நின்று அழுதாள். நான் எழுந்து நேராகத் தேவசகாயம் சார் அறைக்குப் போனேன். பாதி வழியில் எதிரே வந்தார், அறையில் அவர் எப்போது இருந்தார்?

"சார், உங்க நாக்-அவுட் எலி ஒண்ணாவது தன் குட்டியைத் தானே வளத்திருக்குதுங்களா?"

"குட்டிங்க நல்லாத்தானே..."

"யாரு வளத்ததுன்னு கேக்கறேன்."

அவர் நடை நிற்கவில்லை. நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

"பால்ல மருந்து இறங்கலைன்னு நிரூபிச்சோம். அது பொய் இல்லை சுகந்தி" என்றார் கடைசியில்.

"பால் நல்ல பால்தானுங்க. அதைக் குடுக்கறதுக்கு ஒரு இடத்துல கெடக்கணுமே. குட்டி சப்பச் சப்பத் தாய்க்கு ஒரு அசதி வரும், மாடு கன்னுக்குக் குடுக்கும்போது பாருங்க, கண்ணு சொக்கிப் போய் நிக்கும். அப்பத்தான் பால் எறங்கும். அந்த அசதியைத்தான் நீங்க எடுத்துட்டீங்க. வெள்ளெலியோட அசதியில வளந்த குட்டிகளைக் காட்டி, தாயும் நலம் சேயும் நலம்னு எழுதிட்டீங்க."

"வேணும்னு மறைக்கலைம்மா. குட்டியை மாத்தறதை யாரும் எழுதறதில்லை. தண்ணி வெச்சோம், தீனி வெச்சோம்னு எழுதுவோமா, அது மாதிரி..."

"என்ர தங்கச்சி மாத்திரையை நிறுத்தினா எப்ப சரியாகும்? அதைச் சொல்லுங்க எனக்கு."

அப்போதுதான் அவர் முகம் வெளுத்தது. "தெரியாது. எலியில நாங்க ஜீனையே எடுத்துட்டோம். எடுத்ததைத் திருப்பி வைக்கலை. கொஞ்ச நாள் போட்டு நிறுத்தினவங்களுக்கு அசதி திரும்பி வந்திருக்கு. வருஷக்கணக்கா அடைச்சு வெச்சு நிறுத்தினா அந்த ஜீன் எப்ப முழிக்கும்னு யாருக்கும் தெரியாது."

"கர்ப்பத்துல நிறுத்தினாளே, அப்பக்கூட ஓடிட்டேதான் இருந்தா."

"அப்படின்னா இன்னும் முழிக்கலை" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "என் பையன் வெளியூர்லேர்ந்து வந்தா என்கூடப் பேசாம செல்போனை எடுத்துட்டு ரூமுக்குள்ள போயிடறான். அவன் தப்புன்னுதான் இவ்வளவு நாள் நெனைச்சிட்டிருந்தேன்" என்றார். பாவமாக இருந்தது. மாத்திரைக் கம்பெனிக்கு நானே எழுதறேன், எது வந்தாலும் வரட்டும் என்றார். எழுதவும் செய்தார்.

தாரணியிடம் சொன்னபோது முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"வூட்டு வேலையும் பாத்து, கம்பெனி வேலையும் பாத்து, புள்ளைக்கு ஒரு கொறை வெக்காம ஓடறேன். உக்காரலைங்கறது ஒரு குத்தமா? எலியோட சேத்துப் பேசறயே, வெக்கமாயில்ல உனக்கு?"

நான் செல்போனில் எடுத்திருந்த எலித் தாயின் வீடியோவைக் காட்டினேன். அவள் அதை முழுசாகப் பார்த்தாள். மறுபடி போட்டுப் பார்த்தாள். கடைசிக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகிற இடம் வந்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டு, அலமாரியிலிருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக் கழிவறையில் கொட்டினாள். வேலை செய்கிற பனியன் கம்பெனிக்குச் சொல்லவில்லை.

அசதி வரவில்லை. நான் சனி, ஞாயிறு போய்விடுவேன். தாரணி சுவரோரம் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அக்கா, என்ர காலு மேல ஏறி உக்காரு" என்பாள். ஐம்பது வயசை எட்டப்போகிற நான், என் எடைக்கு, தங்கையின் கால்மேல் ஏறி உட்கார்வேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே இருப்பாள். எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும். ஆனால் அவள் தொடையெல்லாம் துடிக்கும், தோள் துடிக்கும், மடி நிலைகொள்ளாது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். ஒரு தடவை கோகுல் அவளைக் கட்டிலோடு சேர்த்துச் சேலையால் கட்டிப் பார்த்தான். அவள் கதறிய கதறலில் அவனே அவிழ்த்துவிட்டான். சனி, ஞாயிறு என் வயிற்றில் படுத்துக் குழந்தை ஏற்றிய எடை, வாரம் முழுக்க இறங்கியது.

மாத்திரைக் கம்பெனியிலிருந்து தேவசகாயம் சாருக்குப் பதில் வந்தது. மாத்திரையை விற்கிறவர்கள் லேசுப்பட்டவர்களா? திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லவில்லை. 'மடி' என்று ஒரு திட்டம் போட்டார்கள். அயரா போடுகிற தாய்மார்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் ஒரு அறை, நாற்காலி, மெத்தை. அங்கே குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார, மாத்திரை போடாத பெண்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். பால் இருக்கிற பெண்களுக்கு முன்னுரிமை. முதல் அறை தாரணியின் கம்பெனியில்தான். யாருக்கு உண்மையாகவே அசதி வருகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமாம், நீங்கள் போகிறீர்களா என்று தேவசகாயம் சார் கேட்டார். அவர் கண்ணைப் பார்க்காமல் கேட்டார். எனக்கு இந்த ஏற்பாடு எங்கேயோ இடித்தது, எங்கே என்று அப்போது யோசிக்கவில்லை. குழந்தைக்குக் குழாய் போட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. போனேன்.

முதலில் வந்த பெண் பெயர் மாதேஸ்வரி. பென்னாகரம் பக்கம். சின்னப் பெண். நாற்காலியில் உட்காரச் சொன்னதும் அப்பாடா என்று உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். அதற்குமேல் சோதனை எதற்கு? தாரணி குழந்தையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். குழந்தை அழுத குரல் கேட்டதுமே மாதேஸ்வரியின் ரவிக்கை நனைந்துவிட்டது. அவள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மார்பில் அணைத்தாள். மகிழினி ஒரு தடவை விக்கிவிட்டுக் குடிக்கத் தொடங்கியது. மாதேஸ்வரிக்குக் கண் சொக்கியது. அந்த அறையில் சத்தமே இல்லை, குழந்தை விழுங்குகிற சத்தம் மட்டும்தான். தாரணி அங்கும் இங்கும் நடந்துகொண்டே பார்த்தாள், கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

"உனக்கு எத்தனை மாசக் கொழந்தை?" என்று கேட்டேன்.

"நாலாவது மாசமுங்க. பையன்."

"எங்க இருக்கறான்?"

"ஊர்ல மாமியாகிட்டங்க. டப்பா பால் குடுக்குறாங்க. இங்க சொந்தக் கொழந்தையக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு சொன்னாங்களே." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேல நெலையாச்சுன்னா எனக்கும் அந்த மாத்தர குடுப்பாங்களாங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்குடி அது?"

"ரொம்ப அசதியா இருக்குதுங்க. ராவெல்லாம் பையன் நெனப்பு வேற."

அப்போதுதான் எனக்கு இடித்த இடம் தெரிந்தது. மிதுலா கையை விரித்தது அப்படியே என் கண் முன்னால் தெரிந்தது. அதுங்க சாதாரண எலி தானே மேடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை எட்டி உதைக்கலாம் போலிருந்தது. தாரணியை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"இவ வேண்டாம்டி. இவ புள்ள அங்க பட்டினி கெடக்கும்."

"டப்பா பால் குடுக்கறாங்கல்ல?"

"உன்ர புள்ளைக்கும் புட்டிப் பால் இருந்துச்சு. பால் மட்டும் பத்துமா? உனக்குத் தெரியாதா?"

தாரணி நடந்துகொண்டே இருந்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள், நின்ற இடத்தில் கால் மட்டும் மாறி மாறி மிதித்தது.

"தெரியும்க்கா. எனக்கு நல்லாவே தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? என்ர பாப்பா சாகட்டுமா? சொல்லு, சாகட்டுமா?"

படித்த படிப்பு, பார்த்த மாடு, ஒன்றும் உதவவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மகிழினியும் மாதேஸ்வரியும், ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு. வேறு வழி ஒன்றும் இல்லாமல் அந்த மடியிலிருந்து குழந்தையை எடுக்க என்னால் முடியவில்லை. நான் என்ன பெரிய தர்மவதியா?

மாதேஸ்வரி எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் சொன்னேன். "உன்ர பையனைக் கூட்டிட்டு வரச்சொல்லு. இங்க விடமாட்டாங்கல்ல, என்ர வூட்டுல இருக்கட்டும். நான் வெச்சுக்கறேன்."

"உங்களுக்கெதுக்குங்க செரமம்?"

"எனக்கென்னடி செரமம், சும்மா உக்காரறதுதானே. அது எனக்கு நல்லா வரும்."

வேலையை விட்டுவிட்டேன். எலி வீட்டுச் சாவியை மிதுலாவிடம் கொடுத்தபோது, இனிமேல் மாற்றுகிற குட்டிகளைப் பற்றி எழுதுகிறோம் மேடம், எடுக்கிற குட்டிகளையும் சேர்த்து எழுதுகிறோம் என்றாள். எழுதட்டும். தேவசகாயம் சார் வாசல்வரை கூடவே நடந்து வந்தார். 'மடி' திட்டத்தை நிறுத்த முடியாதும்மா, எல்லா ஊரிலும் கேட்கிறார்கள் என்றார். அதை நிறுத்த என்னாலும் முடியவில்லை. இப்போது ஊருக்கு ஊர் அந்த அறை இருக்கிறது. அங்கே உட்கார்கிற பெண்களின் குழந்தைகள் எங்கே என்று கேட்பவர் யாருமில்லை. நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

திருப்பூரில் தாரணியின் கம்பெனிக்குப் பின்தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மாதேஸ்வரியும் என்னோடு இருக்கிறாள். பகலில் அவள் மகிழினியை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி அறையில் உட்கார்ந்திருப்பாள், அந்தச் சம்பளம் இல்லாமல் அவளுக்கு முடியாது. அவள் பையன் மாதேஷை நான் வயிற்றில் போட்டுக்கொண்டு இங்கே படுத்திருப்பேன். வந்த புதிதில் அவன் ஈர்க்குச்சி மாதிரி இருந்தான், என்னை நம்பவே இல்லை. பிறகு என் கழுத்து மடிப்பில் மூக்கைப் புதைத்துத் தூங்கப் பழகிக்கொண்டான். இடைவேளையில் மாதேஸ்வரி ஓடி வந்து அவனுக்கும் பால் கொடுத்துவிட்டுப் போவாள். இரண்டு குழந்தைகளும் எடை ஏறினார்கள். மாதேஸ்வரிதான் இளைத்துப்போனாள். அவளுக்கு நான் முட்டை அவித்துக் கொடுத்து, திட்டித் திட்டிச் சாப்பிட வைக்கிறேன். மாத்திரைப் பேச்சை எடுத்தால் அடிதான் விழும் என்று சொல்லியிருக்கிறேன்.

தாரணி தினமும் வேலை விட்டதும் மகிழினியை எடுத்துக்கொண்டு இங்கே வருவாள். பேசுவாள், பாத்திரம் கழுவுவாள், என் வீட்டுப் பரணைக்கூட ஒழித்துவைப்பாள். வேண்டாம் என்றால் கேட்டால்தானே. மாத்திரையை நிறுத்தி மாசங்கள் ஆகியும் அவள் ஒரு தரம்கூடக் கொட்டாவி விடவில்லை. வருமாக்கா என்று கேட்பாள். வரும்டி என்பேன். எனக்கென்ன தெரியும்?

நேற்று சாயங்காலமும் வந்தாள். மகிழினியை என் பக்கத்தில் பாயில் விட்டாள். மாதேஷ் என்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். மகிழினி உருண்டு வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டது. தாரணி கதவருகில் நின்று, கம்பெனியில் ஏதோ துணி சாயம் போனதையும், அதற்கு யார் யாரைத் திட்டினார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்துவிட்டாள். அவள் அப்படி மறந்து நான் பார்த்ததில்லை.

"என்ன சொல்லிட்டிருந்தேன்?" என்றாள்.

"சாயம்."

"ஆமா, சாயம்..." என்றவள் மேலே சொல்லவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தபோதே அவள் தோள் கதவு நிலையில் பட்டு, உடம்பு கொஞ்சம் சரிந்து, முழு பாரத்தையும் அதன்மேல் போட்டு நின்றிருந்தாள். அது அவளுக்கே தெரியவில்லை.

சொன்னால் வந்த அசதி போய்விடுமோ என்று பயம். பையன் எழுந்துவிடாமல் மெதுவாக ஒரு காலை நீட்டி, பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.